எல்லோ ஸ்பிரிங்ஸில் குடித்தனம்: ஒரு சிற்றூர் தன் வாடகைதாரரை எங்கே வைத்திருக்கிறது

2021 டிசம்பரில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். கீழ்வீட்டு வாசலில் கிராம அலுவலக வண்டி வந்து நின்றது. தடித்த கோட்டு போட்ட இரண்டு பணியாளர்கள் இறங்கி, மைதா மாவு ஒரு பை, சர்க்கரை ஒரு பை என்று எங்கள் வீட்டுக்காரம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கையெழுத்து இல்லை, விண்ணப்பம் இல்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த நான் ஏதோ நிவாரணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் திருத்தினார்: "நிவாரணம் இல்லை, இது வாடகை. ஒரு மனுஷன் எங்களுக்கு விட்டுட்டுப் போன நிலத்தோட வாடகை."

அந்த மனிதர் வீலிங் காண்ட். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். 900 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலையானவர். பிறகு மனைவியையும் மீட்டுக்கொண்டு, 1860-களில் ஒஹாயோவின் எல்லோ ஸ்பிரிங்ஸுக்கு வந்து நிலமும் வீடுகளும் வாங்கினார். 1894-ல் இறந்தபோது ஒன்பது ஏக்கர் நிலத்தைக் கிராமத்துக்கு எழுதி வைத்தார். நிபந்தனை ஒன்றுதான்: அந்த நிலத்தின் வாடகையில் ஊரிலுள்ள ஏழை விதவைகளுக்கு மாவு வாங்கிக் கொடுக்க வேண்டும். நிலம் இப்போது காண்ட் பூங்கா. நூற்றாண்டு தாண்டியும் மாவு வந்துகொண்டிருக்கிறது, பின்னாளில் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. வசதி உள்ளவர், இல்லாதவர் என்று பார்ப்பதில்லை. கணவனை இழந்து இந்த ஊரில் வசிப்பவர் என்றால் வண்டி வரும்.

அந்த வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தோம். அமெரிக்காவின் நடுமேற்கில், ஒரு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூரில் வாடகைக்கு இருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மாவுப் பைதான். அதற்கு அடுத்து, இரண்டு மாதம் கழித்து இதே ஊரில் நடந்த ஒரு வாக்கெடுப்பு. இந்த ஊரைப் புரிந்துகொள்ள இரண்டும் வேண்டும்.

வில்லேஜ் என்றால் கிராமம் அல்ல

ஒஹாயோ சட்டப்படி மக்கள் தொகை 5,000-ஐத் தொட்டால் அது நகரம், அதற்குக் கீழே வில்லேஜ். எல்லோ ஸ்பிரிங்ஸில் 2020 கணக்கெடுப்பின்படி 3,697 பேர். ஆகவே வில்லேஜ். களத்துமேடும் கண்மாயும் தேடி வருபவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கே இருப்பது ஒரு கல்லூரி, புத்தகக் கடை, மளிகைக் கடை, கலைக்கூடங்கள், ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போட்ட சைக்கிள் பாதை, 1880-லிருந்து வந்துகொண்டிருக்கும் உள்ளூர் வார இதழ். ஊருக்குப் பெயர் கொடுத்த ஊற்று, இரும்புச் சத்தால் பாறையை மஞ்சளும் செம்மையுமாகக் கறைப்படுத்திக்கொண்டு, கிளென் ஹெலன் என்ற சுமார் ஆயிரம் ஏக்கர் காட்டுக்குள் இன்றும் ஓடுகிறது.

மேற்கே இருபது மைலில் டேட்டன் நகரம், வடக்கே பத்து மைலுக்குள் ஸ்பிரிங்ஃபீல்ட், தெற்கே மாவட்டத் தலைநகர் ஜீனியா. டேட்டனுக்குப் போகும் வழியில் ரைட்-பாட்டர்சன் விமானப்படைத் தளம், அங்கே மட்டும் 30,000 பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். அதன் பக்கத்திலேயே ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம். இந்த வட்டாரத்துக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஃபேர்போர்னிலோ, இந்துக் கோயில் உள்ள பீவர்கிரீக்கிலோ அடுக்குமாடிக் குடியிருப்பு பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் எல்லோ ஸ்பிரிங்ஸ் போகிறோம் என்றதும் கோயிலில் பழக்கமான அண்ணன் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார்: "அங்க போய் என்னத்துக்குப்பா? வீடும் கிடைக்காது, கிடைச்சாலும் கையைக் கடிக்கும்."

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. ஏன் உண்மை என்பதில்தான் இந்த ஊரின் கதை இருக்கிறது.

ஊர் வளர இடமில்லை, வளர வேண்டாம் என்று ஊரே முடிவு செய்தும் இருக்கிறது. கிழக்கே கிளென் ஹெலன். ஹியூ டெய்லர் பர்ச் என்பவர் இறந்துபோன தன் மகள் ஹெலனின் நினைவாக 1929-ல் அன்டியாக் கல்லூரிக்குக் கொடுத்த காடு அது. மற்ற திசைகளில் பண்ணை நிலம். 1999-ல் வடக்கே 940 ஏக்கர் ஒயிட்ஹால் பண்ணை ஏலத்துக்கு வந்தபோது, அது வீட்டு மனைகளாகிவிடக் கூடாது என்று ஊரே பணம் திரட்டி, என்றைக்கும் விவசாய நிலமாகவே இருக்கும்படி உரிமைப் பத்திரத்தில் கட்டுப்பாடு எழுத வைத்தது. டேட்டனிலிருந்து வரும்போது கடைத்தொகுதிகளும் பெட்ரோல் பங்குகளும் சட்டென்று நின்று, சோளக்காட்டுக்கு நடுவே ஒரு ஊர் முளைப்பது இதனால்தான். அந்த அழகுக்காகத்தான் நாங்களும் போனோம். ஊரைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கூரைக்கும் விலை ஏறும் என்பதை வாடகை கட்டத் தொடங்கிய பிறகுதான் முழுதாக உணர்ந்தேன்.

மறுபக்கம் வேலைகள் போய்விட்டன. அன்டியாக் கல்லூரி 2008-ல் மூடப்பட்டு, 2011-ல் மிகச் சிறிய அளவில் மீண்டும் திறந்தது. ரப்பர் பாகங்கள் செய்த வெர்னே தொழிற்சாலையும் இங்கிருந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. 1970-ல் 4,600-க்கு மேல் இருந்த மக்கள் தொகை 2010-ல் 3,487 ஆனது. ஆள் குறைந்தால் வீடு மலிய வேண்டுமே என்று தோன்றும். மலியவில்லை. தொழிலாளர் குடும்பங்கள் போன இடத்துக்கு ஓய்வு பெற்றவர்களும், நகரத்தில் சம்பாதித்து இங்கே வாழ விரும்பியவர்களும், வாரக்கடைசிக்கு வரும் சுற்றுலாக்காரர்களும் வந்தார்கள். ஐந்து பேர் இருந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார். இன்னொரு வீட்டில் வெள்ளி முதல் ஞாயிறு வரை யாரோ இருக்கிறார்கள்.

இந்த மாற்றத்தில் அதிகம் இழந்தது கறுப்பினக் குடும்பங்கள். 1862-ல் மான்க்யூர் கான்வே தன் குடும்பத்துப் பண்ணையிலிருந்து தப்பி வந்த அடிமைகளை அழைத்து வந்து குடியேற்றிய ஊர் இது. கறுப்பர்களுக்கு முடி வெட்ட மறுத்த ஒரு சலூனுக்கு எதிராக 1964-ல் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதான ஊர். அந்த வரலாற்றை இந்த ஊர் மதிக்கிறது, பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறது. ஆனால் மக்கள் தொகையில் கறுப்பினத்தவர் பங்கு ஐம்பது ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது. அவர்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அடுத்த தலைமுறைக்கு இங்கே வீடு எட்டவில்லை.

வீடு கிடைத்த விதம்

ஃபேர்போர்ன் என்றால் இணையத்தில் வடிகட்டிப் பார்த்து, மூன்று நாளில் சாவி வாங்கிவிடலாம். இங்கே இணையத்தில் வரும் வீடு ஒன்றோ இரண்டோ. மற்றவை வார இதழின் வரி விளம்பரத்திலும், காப்பிக் கடைக் குறிப்புப் பலகையிலும், வாய்ப்பேச்சிலும் கைமாறிவிடும். பெரிய குடியிருப்பு நிறுவனங்கள் குறைவு. வீட்டுச் சொந்தக்காரர் என்பவர் பெரும்பாலும் ஒரு வீடோ இரண்டோ வைத்திருக்கும் தனி மனிதர், அல்லது அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பவர். நாலு வாரம் சனிக்கிழமைதோறும் போய்ப் பலகையைப் பார்த்தோம். ஐந்தாவது வாரம் நூலகத்தில் பேச்சுக் கொடுத்த ஒருவர், "அந்தத் தெருவில் ஒரு அம்மா மாடியைக் காலி வைத்திருக்கிறார், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்" என்றார். கடன் மதிப்பெண் அறிக்கையை நீட்டினேன். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் நாங்கள் என்ன சமைப்போம், நாய் உண்டா, பனி வழிப்போமா என்று கேட்டார்.

நம் ஊரில் தெரிந்தவர் சொல்லி வீடு பிடிப்பது போலத்தான் இது. அதே சௌகரியம், அதே ஆபத்து. முகம் பிடித்தால் வீடு. பிடிக்காவிட்டால் காரணம் சொல்லப்படாது. இனம், மதம், பிறந்த நாடு, குழந்தைகள் இருப்பது ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகச் சட்டவிரோதம்தான். ஆனால் விளம்பரமே செய்யாத வீட்டை எனக்கு மறுத்தார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? எங்களுக்கு முகம் பிடித்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். ஊர் முறை நியாயமானது என்று அதை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

மாதச் செலவில் புதியவர்கள் கவனிக்காமல் விடுபவை சில உண்டு. மின்சார விநியோகத்தை இங்கே கிராமமே நடத்துகிறது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், குப்பை எல்லாம் ஒரே பில்லாக வரும். கேஸ் மட்டும் தனி. அந்த ஒரே பில்லைப் பார்த்து முதல் மாதம் மனைவி திகைத்துப்போனாள். நகரத்தில் நாலு இடத்தில் சிதறிப் போகும் தொகை இங்கே ஒரே தாளில் வருகிறது, அவ்வளவுதான். வருமான வரி அப்படிப்பட்ட கணக்கல்ல. டேட்டனில் வேலை பார்த்தால் அந்த நகரம் 2.5 சதவீதம் பிடிக்கும். குடியிருக்கும் கிராமத்துக்கும் வருமான வரி உண்டு, பள்ளி மாவட்டத்துக்கென்று இன்னொரு வரி உண்டு. பள்ளி மாவட்ட வரி குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது, குழந்தை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல. வேலை கொடுத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிப் பிடிக்க வைக்காவிட்டால் ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும். நாங்கள் முதல் வருடம் கட்டினோம்.

டேட்டன் நகரப் பேருந்து இவ்வளவு தூரம் வராது. ஆளுக்கொரு கார் வேண்டும். அக்டோபர், நவம்பர் மாலைகளில் டேட்டன்-எல்லோ ஸ்பிரிங்ஸ் சாலையில் மான் குறுக்கே பாயும், மெதுவாகத்தான் வர வேண்டும். அதற்கு மேல் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அரை மணி நேரம்தான்.

ஃபர்னஸ் நின்ற இரவு

நூறு வருடத்துக்கு மேற்பட்ட மர வீடு அது. மாடிப்படி ஒவ்வொன்றும் வேறு வேறு சுருதியில் முனகும். ஜன்னல் சட்டங்களில் பல அடுக்குப் பெயின்ட். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்று எழுத்தில் தெரிவித்துத்தான் வாடகைக்கு விட வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார். கூடவே இன்னொரு தாளும் கொடுத்தார். அதில் இரண்டே வரி: தமக்கு மூன்றுக்கு மேற்பட்ட வாடகைக் குடியிருப்புகள் இல்லை என்ற அறிவிப்பு. சம்பிரதாயம் என்று நினைத்துக் கோப்பில் போட்டேன்.

அடுத்த ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்கள் மாடியைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனது. வெளியே மைனஸ் பதினைந்து டிகிரி செல்சியஸ். சமையலறைச் சுவரைத் தொட்டால் ஐஸ் பெட்டியைத் தொட்டது போலிருந்தது. குழந்தைக்கு மூன்று சட்டை போட்டு, தண்ணீர்க் குழாய் உறைந்துவிடாமல் சொட்டு சொட்டாகத் திறந்து விட்டு உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்து, "மூணு பேரும் கீழே வாங்க" என்று மெத்தையைத் தாமே இழுத்தார். மூன்று இரவு அவருடைய கூடத்தில், விறகு அடுப்புக்கு முன்னால் படுத்தோம். சனிக்கிழமை காலை அவர் கொடுத்த மாவில் மனைவி பரோட்டா போட்டாள். கிழவி நாலு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ஃபர்னஸ் சரியானது. செவ்வாய்க்கிழமை நான் சட்டத்தைப் படித்தேன்.

ஒஹாயோவில் வீட்டுச் சொந்தக்காரர் ஹீட்டிங், தண்ணீர், மின்கம்பி எல்லாவற்றையும் வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் வாடகைதாரர் எழுத்தில் முறையிட்டு, அதிகபட்சம் முப்பது நாள் பொறுத்துப் பார்த்து, வாடகையைச் சொந்தக்காரரிடம் கொடுக்காமல் நீதிமன்ற எழுத்தரிடம் கட்டலாம். பழுது சரியாகும் வரை பணம் அங்கே நிற்கும். வாடகைதாரர் கையில் உள்ள வலுவான ஆயுதம் இதுதான். வாடகை பாக்கி இருந்தால் செல்லாது என்பதால், கோபத்தில் வாடகையை நிறுத்தி வைப்பவர்கள் இந்த உரிமையையே இழந்துவிடுகிறார்கள். பாக்கி வைத்தவருக்கு மூன்று நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றும் வழக்கைத் தொடுத்துவிடலாம்.

ஆனால் இந்த ஆயுதத்துக்கு ஒரு விலக்கு உண்டு. மூன்று குடியிருப்புகளோ அதற்குக் குறைவாகவோ வைத்திருக்கும் சொந்தக்காரர், குடிவரும்போதே அதை எழுத்தில் தெரிவித்துவிட்டால், அவர்மீது இந்த முறையைப் பயன்படுத்த முடியாது. நான் கோப்பில் போட்ட அந்த இரண்டு வரித் தாள் அதுதான். பராமரிக்கும் கடமை அவருக்கு இருக்கிறது, வழக்குப் போடும் உரிமை எனக்கு இருக்கிறது, வாடகையை நீதிமன்றத்தில் கட்டும் எளிய வழி மட்டும் இல்லை. பெரிய நிறுவனங்களின் அடுக்குமாடியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அந்தப் பிடிமானம், பெரும்பாலான சொந்தக்காரர்கள் சிறியவர்களாக உள்ள ஊரில் கிடைக்காமல் போகிறது. சிற்றூர் வாடகையைப் பற்றி நான் கற்றவற்றில் முக்கியமானது இதுவே. எங்களுக்கு வெப்பம் கிடைத்தது அவர் நல்லவர் என்பதால். இரண்டு தெரு தள்ளி இதே பழுது, வேறு ஒரு சொந்தக்காரரிடம், மூன்று வாரம் இழுத்தது.

மற்றவை எல்லாருக்கும் பொது. அவசரம் தவிர மற்ற நேரங்களில் வீட்டுக்குள் வர 24 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும். மாதாமாதம் தொடரும் குடித்தனத்தை முப்பது நாள் அறிவிப்பில் இரு தரப்பும் முடித்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. காலி செய்து முப்பது நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும், பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். அநியாயமாகப் பிடித்தால் அதே அளவு தொகையை நஷ்டஈடாகவும் கேட்கலாம், ஆனால் புது முகவரியை எழுத்தில் கொடுத்திருந்தால் மட்டுமே. நம்மவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வாட்ஸாப்பில் பேசிக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். ஒரு கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது. உள்ளூராட்சிகள் அப்படி ஒரு வரம்பு கொண்டுவரவே கூடாது என்று 2022-ல் மாநிலம் சட்டம் போட்டுவிட்டது.

பிப்ரவரி 2022

ஊரின் தென்கோடியில் 53 ஏக்கர் நிலம். ஓபரர் என்ற கட்டுமான நிறுவனம் அங்கே வீடுகள் கட்ட வந்தது. அப்போதிருந்த மனைப்பிரிவு விதிகளின்படி, யாரிடமும் கேட்காமல் 143 தனி வீடுகள் கட்டலாம், விலை 3 லட்சம் டாலரைச் சுற்றித் தொடங்கும். கிராமத் தரப்பு நிறுவனத்தோடு பேசி ஒரு மாற்றுத் திட்டத்துக்கு வந்தது: 64 தனி வீடுகள், 52 இரட்டை வீடுகள், 24 வரிசை வீடுகள், ஆக மொத்தம் 140. கூடவே 1.75 ஏக்கர் நிலத்தைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கட்ட ஊருக்கு இலவசமாகத் தருவது. இந்த மாற்றத்துக்குக் கிராம மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

எதிர்ப்பு பலமாக வந்தது. போக்குவரத்து நெரிசல், மழைநீர் வடிகால், வெளியூர் நிறுவனம் ஊரின் முகத்தை மாற்றிவிடும் என்ற அச்சம். எதிர்த்தவர்களில் ஒருவர் இந்த ஊரிலேயே குடியிருக்கும் நகைச்சுவைக் கலைஞர் டேவ் சப்பெல். அவருடைய தந்தை அன்டியாக் கல்லூரியில் பணியாற்றியவர். ஊரின் பழைய தீயணைப்பு நிலையத்தில் உணவகமும் நகைச்சுவை அரங்கமும் தொடங்கவிருந்தவர், இந்தத் திட்டம் நிறைவேறினால் அந்த முதலீட்டை விலக்கிக்கொள்வேன் என்று மன்றத்தில் எழுந்து சொன்னார். பிப்ரவரி 7 அன்று வாக்கெடுப்பு. ஐந்து பேர் கொண்ட மன்றத்தில் ஒருவர் வாக்களிக்காமல் 2-க்கு 2 என்று நின்றது. சமநிலை என்றால் தோல்வி.

அடுத்த நாள் உலகமெங்கும் செய்தி: கோடீஸ்வரர் ஏழைகள் வீட்டைத் தடுத்தார். அது முழு உண்மையல்ல. அந்த 140 வீடுகளும் ஏழைகளுக்கானவை அல்ல. 1.75 ஏக்கரில் பிற்பாடு யாராவது நிதி திரட்டிக் கட்டினால்தான் அந்தப் பகுதியே உண்டு. சப்பெல் தரப்பும் இதைத்தான் சொன்னது: மலிவு வீட்டுக்கு நாங்கள் எதிரியல்ல, இது அரைகுறைத் திட்டம். அதில் நியாயம் இருக்கிறது.

என்றாலும் அன்றைய கணக்கைப் பாருங்கள். தடுக்கப்பட்டது 140 வீடு, கிடைத்தது 143 வீட்டுக்கான பழைய அனுமதி. வண்டி குறையவில்லை. சோளக்காடு பிழைக்கவில்லை. போனது இரட்டை வீடுகளும் வரிசை வீடுகளும் அந்த 1.75 ஏக்கரும். அதாவது என்றாவது ஒருநாள் ஒரு பள்ளி ஊழியரோ மளிகைக் கடைப் பணியாளரோ வாடகைக்கு எடுத்திருக்கக்கூடிய வகை வீடுகள் மட்டும். கட்டலாமா வேண்டாமா என்று யாரும் அன்றைக்கு வாக்களிக்கவில்லை. யாருக்காகக் கட்டுவது என்பதற்குத்தான் வாக்கு நடந்தது. அன்று ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அந்தக் கூட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர்கள் பலர் இந்த ஊரில் இத்தனை வருடமாக வீடு வைத்திருக்கிறேன் என்றே ஆரம்பித்தார்கள். வாடகைக்கு இருக்கிறேன் என்று யாராவது ஆரம்பிப்பார்களா என்று காத்திருந்தேன், என் காதில் விழவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. விசாவில் இருப்பவன், வாக்கு இல்லாதவன், கீழே வீட்டுக்காரம்மா இந்தத் திட்டத்துக்கு எதிரானவர். பேசுவதற்குத் தடை இருந்திருக்காது. ஆனால் வாய்மொழியில் கிடைத்த வீட்டில் இருப்பவனுக்கு ஊரோடு ஒத்துப் போவது பழக்கமாகிவிடுகிறது. அடுத்த வீடும் அதே வாய்மொழியில்தான் கிடைக்க வேண்டும்.

ஊர் ஒன்றும் செய்யாமல் இல்லை. எல்லோ ஸ்பிரிங்ஸ் ஹோம் என்ற அமைப்பு 1998-லிருந்து இயங்குகிறது. நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், அதன் மேலுள்ள வீட்டை மட்டும் குடும்பம் வாங்கும், நிலத்துக்கு 99 வருடக் குத்தகை. விற்கும்போது ஓரளவுக்கு மேல் லாபம் வைக்க முடியாது, அடுத்து வரும் குடும்பத்துக்கும் அதே மலிவு கிடைக்க வேண்டும் என்பதற்காக. வாடகை வீடுகளும் சில வைத்திருக்கிறது. கோயில் நிலத்துக்கு மட்டும் வாடகை கட்டிக்கொண்டு தலைமுறையாக வீடு வைத்திருக்கும் நம்மூர்க் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும். குறை ஒன்றுதான்: எண்ணிக்கை. இருபது வருடத்துக்கு மேல் உழைத்தும் கட்டியவை சில டஜன்களுக்குள்தான் நிற்கின்றன, ஏனென்றால் அறக்கட்டளைக்கும் முதலில் நிலம் வேண்டும். அந்த 1.75 ஏக்கர் எவ்வளவு பெரிது என்பது இந்த இடத்தில் தெரியும்.

வீட்டின் பின்கட்டில் சிறு வீடு கட்டிக்கொள்ள இந்த ஊர் அனுமதிக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் மாத வாடகைக்கு விடுவதைவிட வாரக்கடைசி விருந்தினருக்கு விட்டால் வருமானம் கூடுதல். ஜூனிலும் அக்டோபரிலும் தெருத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் ஊரில், எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குறுகிய காலத் தங்கல்களுக்குக் கிராமம் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. கட்டுப்பாடு வருவதற்கு முன்பே மாறிப்போன வீடுகள் மாறியதுதான்.

காலி செய்தது

2023 வசந்தத்தில் வீட்டுக்காரம்மா எங்களைக் கீழே கூப்பிட்டார். மேசையில் காப்பி இருந்தது. படியேற முடியவில்லை, கூரை மாற்றச் சொல்கிறார்கள், சொத்து வரி வேறு ஏறிக்கொண்டிருக்கிறது, கொலம்பஸில் மகள் வரச் சொல்கிறாள் என்றார். "உங்களுக்கு வித்துட்டுப் போகணும்னுதான் ஆசை" என்றார். அவர் சொன்ன விலை சந்தை விலையைவிடக் குறைவு. எங்களால் அதுவும் முடியவில்லை.

சட்டப்படி முப்பது நாள் போதும். அவர் மூன்று மாதம் கொடுத்தார். அந்த மூன்று மாதமும் ஊருக்குள் தேடினோம். பலகையைப் பார்த்தோம், வார இதழைப் பார்த்தோம், நூலகத்தில் சொல்லி வைத்தோம். இரண்டு வீடுகள் தகைந்தன. ஒன்று எங்கள் வாடகையைப் போல் ஒன்றரை மடங்கு. இன்னொன்றில் மே முதல் அக்டோபர் வரை வேண்டாம், குளிர்காலத்துக்கு மட்டும் இருங்கள் என்றார்கள். கடைசியில் ஃபேர்போர்னில் அடுக்குமாடி. சாவியோடு புது முகவரி எழுதிய கடிதத்தையும் அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். ஒன்பதாம் நாள் அட்வான்ஸ் முழுதாக வந்தது.

டிசம்பர் மாவில் அவர் எங்களுக்கும் பங்கு கொடுத்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மனைவி ஒவ்வொரு முறையும் கலகலா பொரித்துப் போட்டு அனுப்புவாள். கடைசி டப்பா இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

வீட்டை வாங்கியவர்கள் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, வாசல் கதவில் எண் பூட்டு வைத்தார்கள். அந்த டிசம்பரில் ஊற்றுப் பக்கம் நடக்கப் போனவன் தெரு வழியாகத் திரும்பினேன். கிராம வண்டி நின்றிருந்தது, மூன்று வீடு தள்ளி, வேறு ஒருவர் வாசலில். எங்கள் பழைய வீட்டுக்கு முன்னால் அது மெதுவாகக்கூட ஆகவில்லை. கொலம்பஸுக்குப் போய்விட்டவருக்கு மாவு கிடையாது. அந்த உயில் இந்த ஊரில் வசிப்பவர்களுக்கு எழுதியது.